மேனேஜரின் உறுமல்

ஜூன் 2

அத்தைக்கு,

வணக்கம். போனில் பேச முடியாததால் இதை எழுதுகிறேன். முடியாதது என்ன, எனக்குப் பேச இஷ்டமில்லை. மேனேஜர் ஒரு மாதமாக முறைக்கிறான், இரண்டு தடவை உறுமினான் என்று போன வாரம் நான் சொன்னதற்கு நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஒரு நாயையே ஒழுங்கா பாத்துக்கத் தெரியல, என் பொண்ணை எப்படிப் பாத்துக்கப் போறீங்க?" அதற்கு மேல் காது கொடுத்துக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. வைத்துவிட்டேன். உங்கள் நம்பர் வந்தால் இப்போதும் எடுப்பதாக இல்லை.

உங்கள் பெண்ணிடம் தினமும் பேசுகிறீர்கள். அவளிடம் இந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். ஏழு மாதம் ஆகிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மனசு கலங்காமல் படுத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஷெட்டுக்கு நேர் மேலே வீடு. நான் கீழே இருமினால் அவள் மாடியிலிருந்து "என்னங்க?" என்கிறாள். அதனால் பதிலை ஷெட் விலாசத்துக்குப் போடுங்கள்.

விஷயம் இதுதான். விடுதி வேலைக்குப் போனபோது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன உங்கள் நாய், ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடித்துவிட்டது. வழக்கம்போல மாடிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். அவள் கையைத் தொங்கவிட்டு அவன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சியிருக்கிறாள். சட்டென்று மணிக்கட்டைக் கவ்விவிட்டான். உறுமவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. ரத்தம் வரவில்லை, இரண்டு இடத்தில் பல் பதிந்து சிவந்திருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்த் தடுப்பூசி போட்டுவிட்டேன். அவள் என்னவென்றால், "கடிக்கலைங்க, என் கையை எடுத்துத் தள்ளி வெச்சான்" என்கிறாள். உங்கள் பெண் அல்லவா, அவனுக்கு வக்காலத்து வாங்காமல் இருப்பாளா?

முன்பெல்லாம் உறுமவாவது செய்தான். போன மாதம் அவன் வாயிலிருந்து ஸ்பேனரை வாங்கும்போது இரண்டு தடவை என்னிடமே உறுமினான். முகத்துக்கு நேரே விரலை நீட்டி அதட்டினேன், மூக்கில் ஒரு தட்டுத் தட்டினேன். அதோடு உறுமல் நின்றது. திருந்திவிட்டான் என்று நினைத்தேன். இப்போது சத்தமே இல்லாமல் கடிக்கிறான். ஸ்பேனர் எடுத்து வரும் வேலையையும் விட்டுவிட்டான். பலகையிலிருந்து எடுக்கிறான், பாதி வழியில் கீழே போடுகிறான், நான் என்னமோ அவனிடம் சம்பளம் வாங்குகிறவன் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான். மேனேஜர் என்று பெயர் வைத்தது தப்பாகப் போயிற்று.

அவனுக்கு ஒரு குறையும் இல்லை. தட்டு காலியாகிறது. நொண்டவில்லை, அழவில்லை. இது திமிர்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாய் டாக்டரம்மாவிடம் பதினாலாம் தேதிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஊசி போட்டால் தூங்குவதுபோலப் போய்விடுவான். "முதல்ல நான் பாக்கறேன், அப்புறம் பேசலாம்" என்றார் அவர். பார்த்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? கடிக்கிற நாயை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு மனசு வரவில்லை, அவர்கள் வீட்டிலும் குழந்தை இருக்கும். அதற்குள் நீங்கள் வந்து கூட்டிப் போவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாப்பிள்ளை


ஜூன் 5

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன், உட்காரக்கூடத் தோன்றவில்லை. முதலில் என் பெண்ணின் கை எப்படி இருக்கிறது? அதை எழுதியிருக்கிறீர்கள், சரி. தடுப்பூசி போட்டதற்கு நன்றி. அன்று போனில் நான் கேட்டது அதிகம்தான். ஆனால் நீங்கள் பட்டென்று வைத்ததும் குறைச்சல் இல்லை.

இப்போது மேனேஜர் விஷயம். ஆறு வயது நாய். குட்டியாக ஒரு அட்டைப்பெட்டியில் என்னிடம் வந்தவன். என் வாயிலிருந்து பாதி பிஸ்கட்டைப் பல் படாமல் எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு மாதத்தில் எங்கிருந்து கொம்பு முளைத்தது? திமிர் என்பது ஒரு நாளில் வருகிற வியாதியா?

அழவில்லை, அதனால் வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வண்டியோடு பழகிப் பழகி, சத்தம் வந்தால்தான் கோளாறு. இந்த விடுதியில் நூற்றுச்சொச்சம் பெண்களுக்கு நான் வார்டன். போன மாதம் இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி. சிரித்துக்கொண்டே வருவாள், சிரித்துக்கொண்டே போவாள். கேட்டால் "ஒண்ணுமில்ல மேடம்". ஆனால் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் சாய்ந்தே உட்காருகிறாள், படியேறும்போது ஒரு கை சுவரில். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடல்வால் வெடிக்க இருந்தது. பேசத் தெரிந்த பெண்ணே சொல்லவில்லை. வாயில்லாத ஜீவன் உங்களுக்கு மனு எழுதிக் கொடுக்குமா?

கொஞ்சம் பொறுமையாக நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தட்டு காலியாகிறது சரி, எப்படிச் சாப்பிடுகிறான்? மென்றா, முழுங்கியா? எங்கே படுக்கிறான், ஒரே இடத்தில் படுக்கிறானா? யாராவது கிட்டே போனால் முதலில் என்ன செய்கிறான்? உடம்பில் எதையாவது தேய்க்கிறானா, நக்குகிறானா? நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் எழுந்து வாலாட்டுவான், அதை நம்பவேண்டாம். குழிக்குள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்களே, அங்கிருந்து அவனுக்குத் தெரியாமல் பாருங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

என்னால் இப்போது வர முடியாது. இருபத்தைந்து வரை பரீட்சை, அதுவரை வார்டனுக்கு லீவு கிடையாது. வந்து கூட்டிக்கொண்டு போனாலும் இந்த விடுதியில் ஒரு பூனைக்குக்கூட அனுமதி இல்லை. அதெல்லாம் தெரிந்துதானே "ஆட்சேபம் இல்லை" என்று எழுதினீர்கள்?

பதினாலாம் தேதியை ரத்து செய்யுங்கள். கட்டளை இல்லை, கேட்கிறேன்.

அத்தை


ஜூன் 8

அத்தைக்கு,

கடிதம் இன்று காலை கிடைத்தது. மூன்று நாள் ஆகியிருக்கிறது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இருந்தாலும் நீங்கள் சொன்னபடி குழிக்குள் இருந்து பார்த்தேன். அரை நாள் பார்த்தேன், ஒரு வண்டிக்காரர் கத்திவிட்டுப் போனார்.

மென்று சாப்பிடுவதில்லை. அள்ளி முழுங்குகிறான். பசி என்றுதானே அர்த்தம்? தலையை வலதுபக்கம் சாய்த்துக்கொண்டு தின்கிறான், இடதுபக்கம் கொஞ்சம் சிந்துகிறது. முன்னேயும் சிந்துவானா என்று எனக்குத் தெரியாது. தட்டு கழுவுவது உங்கள் வேலையாக இருந்தது.

ஒரே இடத்தில் படுப்பதில்லை. படுக்கிறான், எழுகிறான், இரண்டு சுற்று சுற்றி வேறு இடத்தில் படுக்கிறான். வெயில் காலம். பழைய சீட் கவர் மேல் முகத்தைத் தேய்க்கிறான், இடது கன்னத்தை. அது எல்லா நாயும் செய்வது. கிட்டே போனால் கொட்டாவி விடுகிறான், உதட்டை நக்குகிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சோம்பேறித்தனம். நெற்றியைச் சுருக்கிக் கண்ணைப் பாதி மூடி உட்காருகிறான். நான் எத்தனை மணிக்கு வேலையை ஆரம்பிக்கிறேன் என்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. பெயருக்கு ஏற்ற முகம்.

எல்லாம் எழுதிவிட்டேன். இதில் வலி எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

சும்மா வாதம் செய்துகொண்டிருக்காமல் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முதுகுவலிக்கு நான் போடும் மாத்திரை இருக்கிறதே, ஜாக்கி விழுந்த வருடத்திலிருந்து போடுகிறேனே, அதில் பாதியை இன்று மத்தியானம் சாப்பாட்டில் வைத்துக் கொடுத்தேன். ராத்திரி பாதி கொடுப்பேன். நல்ல வீரியமான மாத்திரை. என் முதுகையே நிமிர்த்துகிறது. அவனுக்கு வலி என்பது உண்மையானால் மூன்று நாளில் ஆள் மாறவேண்டும். மாறினால் நீங்கள் சொன்னது சரி. மாறாவிட்டால் திமிர்தான், பதினாலாம் தேதி அப்படியே இருக்கும். நியாயமான பேச்சுத்தானே?

மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் போனைத்தான் எடுத்தேன். மனுஷனுக்குப் போடுகிற வலி மாத்திரை நாய்க்கு விஷம். வயிற்றைப் புண்ணாக்கிவிடும், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முன்பு அடுத்த வீட்டில் இருந்தவர் ஒருவர் இப்படி மாத்திரை கொடுத்து, இரக்கப்பட்டே தன் நாயைக் கொன்றார். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஐந்து தடவை அடித்தேன். எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து டயர்க்கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க, நாயை உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கத்தினேன். "சொல்றேம்மா, யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் சரியாகச் சொன்னாரா, நீங்கள் கேட்டீர்களா, எதுவும் எனக்குத் தெரியாது. என் பெண்ணிடம் கேட்கலாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் பத்து நிமிஷம் பேசினேன். குழந்தை உதைப்பதைப் பற்றிச் சொன்னாள். நானும் சிரித்தேன். "மேனேஜர் எப்படி இருக்கான்?" என்ற ஒரு கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அதற்கப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதிவிட்டீர்கள் மாப்பிள்ளை. எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சாக்கை வைத்துவிட்டீர்கள். மெல்லாமல் முழுங்குகிறான். தலையை வலப்பக்கம் சாய்க்கிறான். இடப்பக்கம் சிந்துகிறது. இடது கன்னத்தைத் தேய்க்கிறான். கன்னத்தைத் தொட்டதற்குத்தான் என் பெண்ணின் கையைப் பிடித்தான். ஸ்பேனரை எடுத்தவன் பாதி வழியில் போடுகிறான். அவனுக்கு வாயில் ஏதோ இருக்கிறது. பல்லாக இருக்கும், இடதுபக்கம்.

டயர்க்கடைக்காரரிடம் பேசும்போது இது எனக்குத் தோன்றவில்லை. மறுபடி அடித்தேன், கடை மூடிவிட்டார்கள். இந்தக் கடிதம் பதினாலாம் தேதிக்குள் வருமா என்று தபால் ஆபீசில் கேட்டேன். "வரலாம்" என்றார்கள். வரலாம் என்றால் என்ன அர்த்தம்?

அவன் உயிரோடு இருந்தால், எந்த ஊசியும் போடுவதற்கு முன்னால் அவன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறமும் நீங்கள் நினைத்ததைத்தான் செய்வீர்கள் என்றால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் பெண்டாட்டி, உங்கள் குழந்தை, உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வலிக்கிறது என்று சொன்னதற்காக அவனைக் கொல்லவேண்டாம்.

அத்தை


ஜூன் 15

அத்தைக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், மேனேஜர் உயிரோடு இருக்கிறான். இதை மேலே எழுதாவிட்டால் நீங்கள் கடிதத்தைக் கிழித்துக்கொண்டு கீழே தேடுவீர்கள்.

மாத்திரை கொடுத்த முதல் நாள் சாயங்காலம் அவன் எழுந்து வந்தான். பலகைக்குப் போய்ப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, முழுசாகக் குழி வரைக்கும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். வாலை ஆட்டினான். வலி குறைந்ததால் வந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை அத்தை. நான் வைத்த சோதனையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், அதுவும் முதல் நாளே. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காலையில் அதட்டியது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பத்தாம் தேதி காலையில் வாந்தி எடுத்தான். மத்தியானம் மறுபடியும். மறுநாள் எடுத்த வாந்தி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அப்போதுதான் டயர்க்கடைக்காரர் ஓடிவந்தார். "உங்க மாமியாருக்கு ஏதோ மாத்திரை ஒத்துக்கலையாம், உடனே நாய் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணுமாம்" என்றார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். ரிப்பேருக்கு வந்திருந்த வேனிலேயே அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். எழுந்து நிற்க முடியாதவன், வேனில் என் மடியில் தலையை வைத்தபோதுகூடச் சத்தம் போடவில்லை.

டாக்டரம்மா மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "இன்னும் ரெண்டு நாள் குடுத்திருந்தா நீங்க பதினாலாம் தேதிக்கு வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது" என்றார். வயிற்றுக்கு மருந்து, சலைன், நாய்க்கென்று இருக்கிற வேறு வலி ஊசி. மூன்று நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். உங்கள் பெண்ணிடம், ஷெட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், அந்த வாடை ஆகாது என்று நண்பன் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். பெயின்ட் வாடை ஏன் மேலே வரவில்லை என்று கேட்டாள். உண்மையிலேயே ஒரு டப்பா வாங்கி வந்து கதவுக்கு அடிக்கவேண்டியதாயிற்று.

பதினாலாம் தேதி காலையில் போனேன். அவர் கையில் பேனாவோடு, "இன்னைக்கு எதுக்கு வந்திருக்கீங்க? முன்ன சொன்னதுக்கா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் அத்தை போனேன். பொய் சொல்லவில்லை. அவன் பிழைத்துவிட்டான், ஆனால் கடித்தவன் கடித்தவன்தானே, குழந்தை வரப்போகிறதே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். கிளம்பும்போதுதான் உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்திருந்தார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். படித்துவிட்டு, "வாயைத் திறந்து பாருங்க டாக்டர். இடது பக்கம்" என்றேன்.

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். ரெண்டு நாளா இவன் ஒரு பக்கமா தின்றதைப் பாக்கறேன்" என்றார்.

மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார். மேல் வரிசையில் பெரிய கடைவாய்ப்பல் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. வேரில் சீழ். எனக்குக் காட்டினார். என்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் விரிசல் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கோடு. அதோடுதான் இத்தனை நாள் தின்றிருக்கிறான், மாடி ஏறியிருக்கிறான், நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கிறான். "இவ்வளவு வலியோட எப்படி டாக்டர் சாப்பிட்டான்?" என்று கேட்டேன். "பசி வலியை விடப் பெருசு. சாப்பிடறதால வலி இல்லன்னு நாமதான் நினைச்சுக்கறோம்" என்றார்.

உறுமலைப் பற்றியும் கேட்டார். அதட்டி நிறுத்தியதைச் சொன்னேன். "அவன்கிட்ட இருந்த ஒரே வார்த்தை அதுதான். அதையும் பிடுங்கிட்டீங்க. அப்புறம் பல்லைத் தவிர அவன்கிட்ட என்ன இருக்கு?" என்றார்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் மெத்தென்ற சாப்பாடுதான்.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். "எதைக் கடிச்சான்? எலும்பா, கல்லா?" எலும்பு கொடுப்பதே இல்லை என்றேன். அது உண்மை. மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஸ்பேனர் வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை அத்தை. ஆனால் நாலு வருஷமாகக் கையை நீட்டி வாங்கியது நான்தான்.

குழந்தை வந்தபிறகு இவனை என்ன செய்வது என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒரு பெண் வந்து "மேடம், வலிக்குதா?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே வருகிறது.

நன்றி. ஊசிக்கு முன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என் கடிதத்தைப் பிரித்தீர்களே, அதற்கு.

நீங்கள் விட்டுவிட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். ஸ்பேனர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். என் பெண்ணோடு இருக்கலாம் என்று ஒரு பெட்டியும் ஒரு நாயுமாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். பெட்டியை உள்ளே எடுத்து வைத்தீர்கள், நாயைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். இவரிடம் இவன் எப்படி ஒட்டுவான் என்று எனக்குக் கவலை. சும்மா இருக்கும் நாயை உங்களுக்குப் பிடிக்காது, வேலை செய்கிற நாயை ஒருவேளை பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் சாப்பிட மாடிக்குப் போகும் நேரமெல்லாம் பலகைக்கும் குழிக்கும் அவனை நடத்திப் பழக்கினேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. முதல் தடவை அவன் ஸ்பேனர் கொண்டுவந்து நீட்டியபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றுதான் அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தீர்கள்.

ஆரம்பத்தில் கைப்பிடியில் துணி சுற்றித்தான் கொடுத்தேன். துணியில் கிரீஸ் ஏறுகிறது, வாடிக்கையாளர்கள் பார்த்தால் பொம்மை வித்தை மாதிரி இருக்கிறது என்றீர்கள். கழற்றச் சொன்னது நீங்கள், கழற்றியது நான். இரும்பை விடப் பல் மென்மையானது என்பது இரண்டு பேருக்கும் தெரியாத விஷயமா? இதில் யார் பங்கு அதிகம் என்று நாம் சண்டை போட்டால் அவன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பான்.

இனி அவன் ஷெட்டில் வேலை செய்யக்கூடாது. அப்படியென்றால் உங்களுக்கு அவன் எதற்கு? இந்தக் கேள்வியைத்தான் நேற்றிலிருந்து கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். அவன் அந்த வீட்டில் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த ஒரே காரணம் அந்த ஸ்பேனர்தான். அது போய்விட்டது.

அதனால் இங்கே விடுதிக்கு வெளியே ஒரு அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரவில் வார்டன் விடுதியில்தான் தங்கவேண்டும் என்று சட்டம். தங்காத வார்டனை வைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை, கேட்கவேண்டும். பரீட்சை முடிந்ததும் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தோடு ஒரு தகப்பன் குழந்தையை வளர்க்கவேண்டாம். இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

அத்தை


ஜூலை 4

அத்தைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீங்கள் கிளம்பி வந்து நிற்பதற்குள் இது போய்ச் சேரவேண்டும் என்று எழுதுகிறேன். அறை பார்க்கவேண்டாம். வேலையை விடவும் வேண்டாம்.

முதலில் அவன் கதை. பல் போன நாலாம் நாள் அவனைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளாக எங்கள் வீட்டில் இருந்தது வேறு யாரோ என்று தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. அது அவன் முகமே என்று நினைத்திருந்தேன் அத்தை. மேனேஜர் முகம் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரே இடத்தில் படுத்து நாலு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுத் தூங்குகிறான். மேலே இருந்து உங்கள் பெண், "எந்த வண்டிங்க ஸ்டார்ட் ஆகாம இழுக்குது?" என்று கேட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "கதவுக்கு ஏங்க அந்தப் பச்சை பெயின்ட்?" என்றாள். அவ்வளவுதான். ரத்த அழுத்தம் ஏறவில்லை, பார்த்துவிட்டேன்.

ஸ்பேனர்களை எல்லாம் அவனுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவன் எழுந்து பலகைக்குப் போனான். கீழ்வரிசை ஆணிகள் காலி. ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான், எனக்குத் தாங்கவில்லை. நான் கை துடைக்கும் பழைய துண்டை எடுத்துக் கீழ் ஆணியில் மாட்டினேன். இப்போது நான் குழியிலிருந்து ஏறினால் துண்டோடு நிற்கிறான். அவன் எச்சிலில் துண்டு நனைந்துபோய்க் கிடக்கிறது, கையைத் துடைக்கவே முடியாது. டயர்க்கடைக்காரர், "என்ன, மேனேஜருக்குப் பதவி இறக்கமா?" என்றார். "இல்லை, கனரகப் பிரிவிலிருந்து மாற்றல்" என்றேன். அவன் துண்டு கொண்டுவராவிட்டாலும் இங்கேதான் இருப்பான். நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில்.

குழந்தை விஷயத்தில் டாக்டரம்மா சொன்னதைச் செய்யப்போகிறேன். அவனையும் குழந்தையையும் பெரியவர்கள் இல்லாமல் ஒரே அறையில் விடக்கூடாது, அவன் ஒதுங்கிப் படுக்க யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை வேண்டும். படிக்குக் கீழே இடம் ஒழித்துவிட்டேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் எதற்குப் பயப்படவேண்டும் என்பது இப்போது தெரியும்.

முந்தாநாள் உங்கள் பெண் இரண்டு படி இறங்கி வந்து உட்கார்ந்தாள். அவனைக் கூப்பிட்டாள். அதே கையை நீட்டினாள். நான் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவன் போய் இடது கன்னத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டுத் தலையின் கனம் முழுவதையும் இறக்கிவிட்டான். "பாத்தீங்களா? அன்னைக்கும் கடிக்கல. தள்ளித்தான் வெச்சான். நான் சொன்னேன், நீங்க கேக்கல" என்றாள்.

நேற்று நடந்ததுதான் முக்கியம். தையல் ஆறிவிட்டதா என்று பார்க்க அவன் உதட்டைத் தூக்கினேன். அவசரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல. உறுமினான். என்னிடம், முகத்துக்கு நேரே, பழையபடி. மறுபடி உறுமுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதட்டி நிறுத்தியவனிடமே திரும்பவும் சொல்லிப் பார்க்கிறானே என்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். உறுமல் உடனே நின்றது. என் விரலை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

உங்களையும் அவனையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளவேண்டாம். அன்று போனில் நீங்களும் உறுமத்தான் செய்தீர்கள். அவ்வளவு தூரத்தில் பெண்ணை விட்டுவிட்டு இருக்கிறவருக்கு எங்கே வலித்தது என்று நான் கேட்கவில்லை, பட்டென்று வைத்துவிட்டேன்.

லீவு கிடைத்ததும் வாருங்கள். அதற்கு முன்னால் போன் செய்யுங்கள், ஷெட் நம்பருக்கே. எடுக்கிறேன். சத்தம் போடவேண்டும் என்றால் போடுங்கள்.

மாப்பிள்ளை